மேற்கு வார்டின் ஞாயிற்றுக்கிழமை

என்னைப் பஞ்சாயத்து உறுப்பினராக்கியது சட்டம்தான், ஊர் இல்லை. தேர்தலில் பெண் யாரும் ஜெயிக்காவிட்டால் ஒரு பெண்ணை உறுப்பினர்களே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறுபதுகளின் தொடக்கத்தில் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. உத்திரமேரூரில் பெண் யாரும் ஜெயிக்கவில்லை. நிற்கவே இல்லை, அப்புறம் எங்கே ஜெயிப்பது? பஞ்சாயத்துத் தலைவர் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் முறை. ஒருநாள் காலையில் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, “ஏம்மா, உனுக்குக் கையெழுத்துப் போட வரும் இல்ல?” என்று கேட்டார்.

எட்டாவது வரை படித்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? “வரும் மாமா. படிக்கவும் வரும்” என்றேன்.

“அதெல்லாம் வாணாம். கையெழுத்து போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷர்கள்தான் சில சமயம் வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்கள்.

மாதத்துக்கு ஒரு கூட்டம். ஓடு போட்ட ஆபீஸில் நீளமான மேஜை, அதைச் சுற்றி ஆண்கள், மூலையில் எனக்கென்று தனியாக ஒரு நாற்காலி. தலைவர் வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு, எங்கள் ஊர்க் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலை எழுதிக் குடத்தில் போட்டு ஆள் எடுத்துச் சபை நடத்திய ஊர் இது என்று ஆரம்பிப்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் இது உண்டு. அப்புறம் குப்பை வண்டி மாடு நொண்டுகிறது, சந்தை மேட்டில் மழைத் தண்ணீர் நிற்கிறது, தெரு விளக்குக் கம்பத்தில் யாரோ எருமையைக் கட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக வரும். நான் கையெழுத்துப் போடுவேன். காபி வரும், எனக்கு மட்டும் கடைசியில் வரும்.

அந்தக் கூட்டங்களில் ஆண்கள் சத்தம் போட்டுச் சண்டை போட்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான். ரேடியோ குழாய்.

பஞ்சாயத்துக்கு அரசாங்கம் கொடுத்த ரேடியோ ஒன்று ஆபீஸில் மரப்பெட்டிக்குள் பூட்டி இருந்தது. அதிலிருந்து ஒயர் இழுத்து, ஆபீஸ் கூரைக்கு மேல் கம்பம் நட்டு, ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் எங்கள் ஊருக்கு வர இன்னும் வருஷங்கள் இருந்தன. குழாய் என்றால் அப்போது இதுதான். காலையில் செய்தி, சாயங்காலம் கிராம நிகழ்ச்சி, பாட்டு. குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக்குத் தெளிவாகக் கேட்கும். முதுகுப் பக்கம் இருப்பவர்களுக்கு யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். ஒரே குழாய், நாலு திசையிலும் வார்டு. விடுவார்களா? கடைசியில் தீர்மானம் போட்டார்கள். திங்கள் கிழக்கு வார்டு, செவ்வாய் தெற்கு, புதன் மேற்கு, வியாழன் வடக்கு, வெள்ளி மறுபடி கிழக்கு, சனி தெற்கு, ஞாயிறு மேற்கு. வடக்கு வார்டுக்கு ஒருநாள் குறைகிறது என்று அவர்கள் எழுந்து வெளியே போகப் பார்த்ததால், பொங்கல், தீபாவளி, சுதந்திர தினம் எல்லாம் வடக்குக்கு என்று சேர்த்துக்கொண்டார்கள். தினமும் பொழுது விடிந்தால் ஆபீஸ் பியூன் ஏணி போட்டு ஏறி, குழாயை அந்தந்தத் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். நல்ல கனத்த சரீரம் அவருக்கு. ஏணியின் ஒவ்வொரு படியிலும் எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டே ஏறுவார். எங்கள் காதில் விழுகிற மாதிரிதான் திட்டுவார்.

ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த சேரிக்கு இதில் கிழமை கிடையாது. அது தெற்கும் இல்லை மேற்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் கிடந்தது. தெற்கு வார்டுக்காரர் அது மேற்கு என்பார், மேற்கு வார்டுக்காரர் அது தெற்கு என்பார். ஓட்டு கேட்கப் போகும்போது மட்டும் இருவருக்கும் அது சொந்தம்.

அந்தச் சேரியில் இருந்தவள்தான் எங்கள் வயலில் நடவு நடுகிற பெண்களுக்குத் தலைவி. கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆனாலும் அவள் என்னை ‘அம்மா’ என்பாள், நான் அவளை ‘நீ’ என்பேன். அப்போது அப்படித்தான் இருந்தது, எங்களில் யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. அவளுக்கு ஒரே பெண், பதிமூன்று வயது இருக்கும். காஞ்சிபுரத்தில் மிஷன் பள்ளி ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேரியிலிருந்து ஊரைத் தாண்டிப் படிக்கப் போன முதல் பெண் அவள்தான்.

அந்த வருஷம் புரட்டாசி அறுப்பின்போது, கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து இறங்கியவள், சேற்றில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். கட்டுப் போடுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, மார்கழி வரைக்கும் காலை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் பார்க்கப் போனபோது கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். நாளெல்லாம் வயலில் வாய் ஓயாமல் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தவள் அப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“பொண்ணுக்குச் சொல்லி அனுப்பினியா?” என்று கேட்டேன்.

“ஐயய்யோ, அதுக்குத் தெரியவே கூடாதும்மா. தெரிஞ்சா பொட்டிய தூக்கிக்கினு வந்துடும். அப்பன் வேலைக்குப் போவான், இது எனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கினு குந்திகினு இருக்கும். அப்பறம் திரும்பிப் போவுமா? படிப்பு அதோட சரி” என்றாள். கணவனிடமும் கர்த்தர் மேல் ஆணை வாங்கியிருந்தாள், சொல்லக் கூடாதென்று.

ஐப்பசியில் ஒருநாள் அவள் கணவன் எங்கள் களத்துக்கு வந்து, அவள் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றான். போனேன். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சர்ச் உபதேசியார் ஒரு சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஹாஸ்டல் பெண்களைச் சென்னைக்குக் கூட்டிப் போகிறார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் சிறுவர் நிகழ்ச்சியில் பாடப் போகிறார்கள். அவள் பெண்ணும் பாடுகிறாள், நடுவில் ஒரு அடி அவள் மட்டும் தனியாக.

“ஆனியில பள்ளிக்கூடம் தொறந்தப்ப போனதும்மா. அப்பறம் அது மொகத்தையே பாக்கல. மொகம் வாணாம், கொரலு கேட்டா போதும்” என்றாள். “அந்தக் கொயாவ அன்னிக்கு ஒரு நாளு இந்தப் பக்கம் திருப்பச் சொல்றீங்களா? நீங்க மெம்பரு ஆச்சே.”

கட்டிலோடு தூக்கி வந்து ஆபீஸ் எதிரில் பார்க்கில் வைத்துவிட்டால் என்ன என்று எனக்கு யோசனை. சொன்னேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“உசுரு போனவங்கள எடுத்துக்கினு போறதுக்கே அந்தத் தெருவுல எங்களுக்கு வயி இல்ல. உசுரோட நான் கட்டில்ல வந்தா உடுவாங்களாம்மா?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “குழாய் திரும்பும். நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கூட்டத்தில் அதுவரை நான் வாயைத் திறந்ததே இல்லை. அந்த மாதக் கூட்டம் அந்த வாரமே நடந்தது. நாய்த் தொல்லை, சந்தை ஏலம் எல்லாம் முடிந்து காபி வரும் நேரத்தில் எழுந்து நின்றேன். “மாமா” என்று ஆரம்பித்து, “தலைவர் அவர்களே” என்று திருத்திக்கொண்டேன். எல்லோரும் மூலைப் பக்கம் திரும்பினார்கள், நாற்காலியே பேசிவிட்ட மாதிரி. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கால் முறிந்தது, பெண் பாடுவது, கடைசி ஞாயிறு, ஒரே ஒரு சாயங்காலம்.

மேற்கு வார்டு உறுப்பினருக்குக் கடைத்தெருவில் மளிகை மண்டி. பெரிய குரல். “ஞாயித்துக்கெயமை எங்களுது. அதான் ஒரே நல்ல நாளு. என் வார்டு ஜனம் என்னை சும்மா உடுமா? இன்னாம்மா இது பேஜாரு. அந்தப் பொம்பளைய கட்டிலோட தூக்கியாந்து பார்க்குல வெச்சிட்டா தீந்துது” என்றார்.

அவள் சொன்னதை நான் அப்படியே அங்கே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மண்டிக்காரர் தன் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். தலைவர் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்போது நிர்வாக அதிகாரி தொண்டையைச் செருமினார். வெளியூர்க்காரர், பேசினாலே அச்சடித்த மாதிரி இருக்கும். “நிறைவேற்றப்பட்ட தீர்மானத்தை மாற்றுவதாக இருந்தால் அதற்கென்று தனியாக நோட்டீஸ் கொடுத்து, பொருளாகச் சேர்த்து, அதன் பிறகே விவாதிக்க இயலும். எனவே இதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்.”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. “அதான் சரி”, “முறைப்படி செய்யணும் இல்ல?” என்று நாலா பக்கமும் தலைகள் ஆடின. முடியாது என்று யாரும் சொல்லவில்லையே என்கிற சந்தோஷத்தில் நானும் தலையாட்டினேன். காபி அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அடுத்த கூட்டம் அடுத்த மாதம். பெண் பாடப் போவது இந்த மாதக் கடைசி ஞாயிறு. ஆயிரம் வருஷத்துச் சபை, அத்தனை பேர் கூடி உட்கார்ந்து, நடந்து முடிந்துவிடப் போகிற ஞாயிற்றுக்கிழமையை அதற்கப்புறம் வருகிற கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்! கையிலிருந்த அரிசியோடு தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாளே தலைவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. “அட ராமா” என்றார். ஆனால் உடனே தலைவர் ஆகிவிட்டார். “இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான்மா. நானே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்?”

மண்டிக்குப் போனேன். மண்டிக்காரர் மிளகாய் மூட்டையைப் பார்த்துக்கொண்டு பேசினாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. “ஒரு தபா உட்டுக் குடுத்தா அப்பறம் ஞாயித்துக்கெயமையே போயிடும் தங்கச்சி. என் நெலமைய பாரு.” நிர்வாக அதிகாரி, “விதிகளில் இடமில்லை அம்மா” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை அன்றைக்கு. ஒருத்தி மகள் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள், இவர்களுக்கு மானம் மரியாதை முக்கியம். போகட்டும், பியூன் காலில் விழுந்தாவது நானே திருப்பி வைக்கச் சொல்கிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை மழை. வெறித்ததும், கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நேராக ஆபீஸுக்குப் போனேன். பியூன் வாசற்படியில் உட்கார்ந்து தோள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். ஏணி கூரையில் சாத்தியபடியே இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். குழாய் மேற்கே பார்க்கவில்லை. சேரியையும் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, தெற்கே மனுஷவாடையே இல்லாத பனந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னாய்யா இது, குழாய் எங்க பாத்துக்கினு கீது?” என்றேன்.

“என்னைக் கேக்காதம்மா!” என்று வெடித்தார் அவர். “காலையில மேக்காலதான் வெச்சேன். தலைவரு சைக்கிள்ல வந்தாரு. கொயாக்குள்ள காக்கா கூடு கட்டிகீதா பாரு, அப்படியே கொஞ்சம் தெக்கால தள்ளி வைன்னாரு. ஏறினேன், கூடும் இல்ல ஒண்ணும் இல்ல, தள்ளி வெச்சேன். அப்பறம் மண்டிக்காரரு வந்தாரு. மழத்தண்ணி நேரா உள்ள பூந்து துரு புடிக்குது, கொஞ்சம் தெக்கால திருப்புன்னாரு. ஏறினேன். இப்பதான் சாப்பிட்டுக் கையி காயல, ஆபீசரு வந்தாரு. நிர்வாகக் காரணங்களை முன்னிட்டுன்னாரு. இன்னா காரணம்னு கேட்டேன், அதெல்லாம் உனுக்கு எதுக்குன்னாரு. ஏறினேன். ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா தெக்கால தெக்காலன்னா, கொயா எங்க போவும்? பனந்தோப்புக்குத்தான் போவும்!”

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒருத்தருக்கும் தெரியாமல் ஒருத்தர் வந்து, ஒவ்வொருவரும் ஒரு சாக்குச் சொல்லி, மூன்று பேரும் நல்ல காரியத்தைச் செய்து கெடுத்து வைத்திருக்கிறார்கள். அட பாவிகளா, ஒரு வார்த்தை வெளியே சொன்னால் என்ன குறைந்துவிடும்!

“இன்னும் ஒரே தபா ஏறுங்க. இது கடைசி” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டார். அந்த ஒருமுறை மட்டும் அவர் யாரையும் திட்டவில்லை.

ஏரிக்கரை உயரமாக இருந்ததால் ஆபீஸ் கூரையிலிருந்து பார்த்தால் சேரி தெரியாது. அதற்கு முன்னாலேயே அவள் கணவனிடம் சொல்லி வைத்திருந்தேன், கரைமேல் நில், குழாய்ச் சத்தம் நன்றாகக் கேட்கும்போது துண்டை ஆட்டு என்று. பியூன் இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியைக் கொடுத்தார். நான் பெட்டியைத் திறந்து ரேடியோவைப் போட்டேன். ஏதோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஓடி வந்து கரையைப் பார்த்தேன். பியூன் குழாயை மெதுவாக மேற்கே கொண்டுவந்தார். கரைமேல் அவன் அசையாமல் நின்றான். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். திடீரென்று துண்டு தலைக்கு மேல் சுற்றியது. அவன் பக்கத்தில் நின்றிருந்த குழந்தைகளும் கையை ஆட்டிக்கொண்டு குதித்தார்கள்.

“அப்படியே உடுங்க! தொடாதீங்க!” என்று கத்தினேன். பியூன் கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினார்.

மேற்கு வார்டு ஜனம் வழக்கம்போல் கடைத்தெருவில் கூடிவிட்டது. சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று நாலு பேர் முணுமுணுத்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் மண்டிக்காரர். “எவன்டா கொயாவ திருப்பினது? கேள்வி மொற இல்லியா?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அதட்டினார். அப்புறம் குழாய் எங்கே பார்க்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். “சரி, வந்ததுதான் வந்துட்டோம், சும்மா கீங்கடா, பாட்டு கேப்போம்” என்று சுவரோரம் நின்றுவிட்டார். தலைவர் பார்க்குக்குள் நடை பழகுகிற மாதிரி நடந்துகொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் நடை பழகி நான் பார்த்ததில்லை.

வீணை நின்றது. நிகழ்ச்சி நடத்துகிற அக்கா குழந்தைகளுக்கு வணக்கம் சொல்லி, காஞ்சிபுரத்திலிருந்து வந்திருக்கிற மாணவிகள் இப்போது பாடுவார்கள் என்றாள். பாட்டு ஆரம்பித்தது. பத்து இருபது பெண்கள் சேர்ந்து பாடினார்கள். நடுவில் எல்லோரும் நிறுத்த, ஒரே ஒரு குரல் தனியாக எழுந்தது. கனமான, நல்ல குரல். அந்த அடி முடிந்து மற்றவர்கள் சேர்ந்துகொள்கிற இடைவெளியில் யாரோ ஒரு பெண் இருமினாள். பியூன் களுக்கென்று சிரித்தார். மண்டிக்காரர் அவரை முறைத்தார். பாட்டு முடிந்தது, வேறு குழந்தை கதை சொல்ல வந்துவிட்டது. அவ்வளவுதான். கரைப் பக்கம் பார்த்தேன். துண்டு ஆடவில்லை. அவன் இறங்கி வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தான்.

எனக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. அந்தப் பெண் எங்கள் களத்தில் கஞ்சிக் கலயம் எடுத்து வரும்போது பாடிக்கொண்டே வருவாள். மெல்லிய குரல், நூல் மாதிரி. ரேடியோவில் மாறிக் கேட்கும் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சேரிக்குப் போனேன். அவள் கட்டிலைச் சுற்றி ஒரே பெண்கள் கூட்டம். “அந்தத் தனிக் கொரலு நம்ம பொண்ணுதான், நான் கேட்டவொடனே சொன்னேனே” என்று ஒருத்தி. “மணி மாதிரி இன்னாமா பாடிச்சி!” என்று இன்னொருத்தி. அவள் எல்லோருக்கும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அவர்கள் கலைந்த பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

“பாட்டுல அது கொரலே இல்லம்மா” என்றாள்.

இத்தனை பாடும் வீணாகிப் போச்சே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“வீணா எங்க போச்சி?” அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் என் கையைத் தொட்டதில்லை. “நடுவுல இருமிச்சே, கேட்டீங்களா? அது என் பொண்ணு. மழையில நனைஞ்சா அதுக்கு அப்படித்தான். ரெண்டு தபா இருமும், மூணாவத அப்படியே முயுங்கிடும், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. சின்னப் புள்ளையிலேர்ந்து அப்படி. பாட்டு இன்னாம்மா, சொல்லிக் குடுத்தா யாரு வேணா பாடுவாங்க. அந்த இருமல் எனுக்குப் பக்கத்துல படுத்துக்கினு இருமின மாதிரியே இருந்திச்சி.”

பியூன் சிரித்த அந்த இருமலை நானும் கேட்டேன்தான். இரண்டுதான் வந்தது, மூன்றாவது வரவில்லை. ஊரே கேட்டது, ஒருத்திதான் அது யார் என்று தெரிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

“சளி கட்டிக்கினு பாட முடியாம நின்னுகினு இருந்திருக்கும், பாவம்” என்றாள். “ஒண்ணு செய்யணும்மா நீங்க. அது வந்தா, எனுக்கு இது தெரியும்னு சொல்லிடாதீங்க. பாடலியேன்னு மனசு ஒடஞ்சிடும். அது பாடிச்சி, நான் கேட்டேன். அவ்ளோதான்.”

சரி என்றேன்.

திரும்பி வரும் வழியில் மண்டிக்காரர் கூப்பிட்டார். “கேட்டாளாமா?” என்றார், மூட்டையைப் பார்த்தபடியே. கேட்டாள் என்றேன். பெண்ணுக்கு இருமல் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய் மிளகும் சுக்கும் திப்பிலியும் ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தார். “காஞ்சீவரம் பஸ் கண்டக்டரு நம்ம பையன். ஹாஸ்டல்ல குடுத்துடுவான்” என்றார். நான் அவரையே பார்த்ததும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. “இன்னா பாக்கறே? மேக்கு வார்டு ஞாயித்துக்கெயமையில வந்த இருமல். மருந்தும் மேக்கு வார்டுதுதான்.”

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒத்திவைத்த பொருள் முறைப்படி வந்தது. நிர்வாக அதிகாரி எழுந்து நின்று, முடிந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒலிபெருக்கியை ஏரிக்கரைப் பக்கம் திருப்பலாமா என்று படித்தார். யாரும் சிரிக்கவில்லை. “ஆட்சேபணை உண்டா?” என்றார் தலைவர். “இல்ல” என்று முதலில் சொன்னவர் மண்டிக்காரர். ஏகமனதாக நிறைவேறியது. ஏரிக்கரைச் சேரிக்கும் ஒரு கிழமை வேண்டும் என்று நான் அப்போதே எழுந்து நின்று கேட்டேன். அதையும் ஒத்திவைக்கப் பார்த்தார்கள். “இன்னிக்கே முடிக்கணும், இல்லாட்டி காபி வராது” என்றேன். புதன்கிழமையை மேற்கு வார்டு முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்தது.

மார்கழியில் கிறிஸ்துமஸ் லீவுக்குப் பெண் வந்தாள். அவள் அம்மா அதற்குள் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு நடமாட ஆரம்பித்திருந்தாள். மகள் பார்த்து அலறியிருக்கிறாள், இவள் சிரித்துச் சமாளித்திருக்கிறாள். மறுநாள் பெண் மட்டும் தனியாக எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள். உள்ளே வாடி என்றால் வரவில்லை. கண் சிவந்திருந்தது.

“அம்மாவுக்காகக் கொயாவையே திருப்பினீங்களாமே. அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீது, நான் பாடினத கேட்டேன்னு” என்றாள். “நான் பாடவே இல்லம்மா. காய்ச்சலு. டீச்சர் சும்மா வாய மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்க. என் பாட்ட வேற பொண்ணு பாடிச்சி. அதுலயும் எனுக்கு இருமல் வேற வந்து கெடுத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், கேட்டேன்னு நெனச்சிக்கினு கீது. தெரிஞ்சா தாங்காது.”

எனக்கு வாய் நமநமவென்றது. சாதாரணமாக என் வாயில் ஒரு விஷயம் ஒரு பொழுதுகூடத் தங்காது, என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புறங்கையை வாயில் வைத்து, இரண்டு முறை இருமினாள். மூன்றாவதை விழுங்கினாள்.

அதற்கப்புறம் நான் உறுப்பினராக இருந்த காலம் முழுக்க எந்தப் பொருளையும் ஒத்திவைக்க விட்டதில்லை, மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குக் கொல்லைப் பக்கம் நின்று, அவள் அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே அவளுக்கும் சரி என்று சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் ஒத்திவைத்தேன். இரண்டு பேரும் என்னிடம் கேட்காத வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும் என்று.